சென்னை ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போவது? மெட்ரோ, மின்சார ரயில், பஸ், கார்: முழுமையான வழிகாட்டி

சென்னை விமான நிலையம் ஊரை விட்டு எங்கேயோ காட்டுக்குள் இல்லை. கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் தாம்பரம் பக்கம் கொஞ்ச தூரம் போனால் வலது பக்கம் வந்துவிடும். வளாகத்துக்குள்ளேயே மெட்ரோ ஸ்டேஷன், சாலைக்கு எதிரே திரிசூலம் மின்சார ரயில் ஸ்டேஷன், வாசலில் மாநகரப் பஸ். இவ்வளவு இருந்தும் விமானத்தைத் தவறவிட்டுக் கவுன்டரில் கெஞ்சிக்கொண்டு நிற்கிறவர்களை எந்த நாளும் அங்கே பார்க்கலாம். பெரும்பாலும் அவர்கள் தேர்ந்தெடுத்த வண்டி அந்த நேரத்துக்கு ஒத்துவராத வண்டியாக இருக்கும். காலை ஒன்பது மணிக்கு மெட்ரோவில் போவதுதான் புத்திசாலித்தனம். அதே ஆள் அதிகாலை மூன்றரைக்கு மெட்ரோவை நம்பினால் பூட்டிய ஷட்டரைத்தான் பார்ப்பார். ஆகவே "எதில் போவது" என்று யோசிப்பதற்கு முன்னால் "எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்" என்று கணக்குப் போடுங்கள்.

முதலில் நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் நகரும் நேரம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி போடும் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். ஏறும் கேட்டை 20, 25 நிமிடம் முன்னால் மூடுவார்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் குடியேற்றப் பிரிவு வரிசையும் சேர்ந்துகொள்ளும். அதனால் உள்நாட்டுக்கு 2 மணி நேரம், வெளிநாட்டுக்கு 3 மணி நேரம் முன்னால் டெர்மினல் வாசலில் இருப்பது என்று வைத்துக்கொண்டால் பதற்றம் இல்லை.

அண்ணா நகரில் இருப்பவருக்குக் காலை 9.30-க்கு டெல்லி விமானம் என்று வைத்துக்கொள்வோம். 7.30-க்கு வாசலில் இருக்க வேண்டும். மெட்ரோவுக்கு ஆலந்தூரில் மாறுவதையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கி டெர்மினல் வரை நடக்க 10 நிமிடம். வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் 10 நிமிடம். ஆக, காலை 6.10-க்குக் கிளம்ப வேண்டும். இதே ஆள் காரில் போனால் கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா என்று ஒவ்வொரு சிக்னலும் ஒவ்வொரு மாதிரி. 6 மணி ஆறரைக்குக் கிளம்பினால் சுலபமாகப் போய்விடலாம். எட்டு மணிக்கு மேல் கிளம்புகிறவருக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

எந்த டெர்மினல் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் கேட்கும் முதல் கேள்வியே "டொமஸ்டிக்கா சார், இன்டர்நேஷனலா?" என்பதுதான். முன்பு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. காமராஜர் பெயரில் உள்நாட்டு முனையம், அண்ணா பெயரில் பன்னாட்டு முனையம் என்று இரண்டே இடம். இப்போது அப்படி இல்லை. டெர்மினல் 1 உள்நாட்டு விமானங்களுக்கு. 2023 ஏப்ரலில் திறந்த புதிய டெர்மினல் 2 வெளிநாட்டு விமானங்களுக்கு, வருகை புறப்பாடு இரண்டும் அங்கேதான். பழைய பன்னாட்டுக் கட்டடமான டெர்மினல் 4-ல் இருந்தும் இப்போது உள்நாட்டு விமானங்கள் போகின்றன. அதாவது "டொமஸ்டிக்" என்று சொன்னால் இரண்டு இடங்களில் ஒன்று.

டெர்மினல் 1-க்கும் 4-க்கும் நடுவே நல்ல தூரம். கையில் ஒரு பை மட்டும் என்றால் நடந்துவிடலாம். இரண்டு பெட்டி, ஒரு குழந்தை, கூட ஒரு பாட்டி என்றால் அந்த நடையே பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தின்றுவிடும். எந்த நிறுவனம் எந்த டெர்மினல் என்பது அவ்வப்போது மாறுகிறது. போன தடவை இங்கேதான் ஏறினோம் என்ற ஞாபகத்தை நம்பாமல், பயணத்துக்கு முந்தைய நாள் டிக்கெட்டையோ ஆப்பையோ ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

மெட்ரோ: பகலில் போகிறவர்களுக்கு இதுதான் முதல் வழி

2016 செப்டம்பரில் ஏர்போர்ட் வரை மெட்ரோ வந்தது. அப்போது சின்னமலை வரைதான் இணைப்பு. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் ஓடும் பாதை முழுதாகத் திறந்த பிறகு சென்ட்ரலில் இருந்து ஒரே ரயிலில் போக முடிகிறது. 2021-ல் வடசென்னைப் பக்கம் விம்கோ நகர் வரை நீண்டது. இதுதான் நீல வழித்தடம். வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல், எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் என்று வந்து விமான நிலையத்தில் முடிகிறது.

பச்சை வழித்தடம் சென்ட்ரலில் இருந்து எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் என்று சுற்றி ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலைக்குப் போகிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் ஆலந்தூரில் இறங்கி நீல ரயிலுக்கு மாற வேண்டும். ஒரே ஸ்டேஷனுக்குள் தளம்தான் மாறுகிறது. வெளியே போய் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டாம். லிஃப்ட், எஸ்கலேட்டர் இருப்பதால் பெட்டியோடு மாறுவது கஷ்டமில்லை. ஏறுவதற்கு முன்னால் பிளாட்பாரப் பலகையில் "விமான நிலையம்" என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எதிர்த்திசை ரயில் உங்களை அண்ணா சாலைப் பக்கம் கொண்டுபோய்விடும். கோயம்பேடு வழியாக ஏர்போர்ட்டுக்கு நேராகப் போகும் ரயில்களும் உண்டு. வந்தால் ஏறிக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

காலை 5 மணிக்கு முதல் ரயில், இரவு 11 மணிக்குக் கடைசி ரயில். நெரிசல் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒன்று வரும். இரவு பத்துக்கு மேல் இடைவெளி கூடிவிடும். சென்ட்ரலில் இருந்து ஏர்போர்ட்டுக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும், வெளியே மழையா, மறியலா, வி.ஐ.பி. வருகையா என்ற கவலை இல்லை. சென்னை மெட்ரோவில் எங்கிருந்து எங்கே போனாலும் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான்.

டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாட்ஸ்ஆப்பிலோ மெட்ரோவின் ஆப்பிலோ க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். சிங்காரச் சென்னை கார்டு இருந்தால் அதைத் தட்டிவிட்டுப் போகலாம், மாநகரப் பஸ்ஸிலும் அதே கார்டு செல்லும். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் ஆப்பில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்க முடியும். பஸ்ஸில் வந்து மெட்ரோவுக்கு மாறுகிறவர்களுக்கு அது நல்ல வசதி.

வாசலில் பெட்டியை எக்ஸ்ரே மெஷினில் போட வேண்டும். பெரிய சூட்கேஸை பெல்ட் மேல் தூக்கி வைப்பதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிடும், ஆபீஸ் நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். பெரிய பெட்டியோடு போகிறவர்கள் எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவே சென்ட்ரல், கிண்டி மாதிரி ஸ்டேஷன்களில் ஏறுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். ரயில் ஆலந்தூரை நெருங்கும்போது கூட்டம் கரைந்துவிடும். அங்கிருந்து கடைசி சில நிமிடங்கள் பெட்டி முழுக்க சூட்கேஸ்காரர்கள்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைசி ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷனின் பெயர் மீனம்பாக்கம். "மீனம்பாக்கம் ஏர்போர்ட்" என்றே கேட்டு வளர்ந்தவர்கள், அறிவிப்பில் அந்தப் பெயர் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இறங்க வேண்டாம். பழைய டெர்மினல் ஒரு காலத்தில் மீனம்பாக்கம் பக்கத்தில் இருந்தது, 1980-களில் கட்டிய கட்டடங்கள் திரிசூலம் பக்கம் வந்துவிட்டன, பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ரயில் முடியும் இடம் வரை உட்கார்ந்திருங்கள்.

ஏர்போர்ட் ஸ்டேஷன் உயரத்தில் இருக்கிறது. வெளியே வந்ததும் நடைமேம்பாலம் வழியாகவே டெர்மினல்களுக்குப் போகலாம். உள்நாடு ஒரு பக்கம், வெளிநாடு ஒரு பக்கம் என்று பலகை பிரித்துக் காட்டும். நடுவே நகரும் நடைபாதையும் உண்டு. சில நாள் அது நகராது, அப்போது அது வெறும் நடைபாதை. டெர்மினல் 4-க்குப் போக வேண்டியவர்கள் இங்கேயே ஊழியர் யாரிடமாவது கேட்டுவிடுவது நல்லது. டெர்மினல்களுக்கு இடையே பேட்டரி வண்டி ஓடுகிறது, முதியவர்கள் இருந்தால் கூச்சப்படாமல் கேட்டு ஏறிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் மெட்ரோ இல்லையே என்பவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். ஏர்போர்ட் வரை டாக்சி பிடிப்பதற்குப் பதில் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் வரை ஆட்டோ பிடியுங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தேனாம்பேட்டையோ நந்தனமோ, அடையாறு திருவான்மியூர்க்காரர்களுக்குச் சின்னமலை அல்லது கிண்டி, வேளச்சேரியில் இருப்பவர்களுக்குக் கிண்டி அல்லது ஆலந்தூர். ஜி.எஸ்.டி. சாலையின் மோசமான பகுதியைத் தலைக்கு மேலாகக் கடந்துவிடுவீர்கள்.

மின்சார ரயில்: மலிவு, ஆனால் படிக்கட்டு உண்டு

கடற்கரை, எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை போகும் தடத்தில் திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. நகருக்குள் எங்கிருந்து ஏறினாலும் சாதாரண டிக்கெட் 5 ரூபாய் அல்லது 10 ரூபாய். இந்தியாவில் ஒரு பெருநகர விமான நிலையத்துக்கு ஒரு டீக் காசில் போக முடிகிற ஊர்கள் ரொம்பக் குறைவு. 2025 ஏப்ரலில் இருந்து இந்தத் தடத்தில் ஏசி ரயிலும் ஓடுகிறது. அதன் கட்டணம் 35 ரூபாயில் ஆரம்பிக்கிறது, நாளைக்குச் சில தடவைதான் வரும்.

இதிலும் அதே மீனம்பாக்கம் பொறி இருக்கிறது. கடற்கரைப் பக்கத்தில் இருந்து வரும்போது பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், அதற்கு அடுத்ததுதான் திரிசூலம். தாம்பரம் பக்கத்தில் இருந்து வந்தால் பல்லாவரத்துக்கு அடுத்தது. செங்கல்பட்டு போகும் வேக ரயில்கள் திரிசூலத்தில் நிற்காமல் போகலாம், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஜி.எஸ்.டி. சாலையை மேலே குறுக்கே கடக்க முயல வேண்டாம். அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது, அதில் போனால் ஏர்போர்ட் பக்கம் வந்துவிடலாம். ஆனால் பிளாட்பாரத்திலும் சுரங்கப்பாதையிலும் படிக்கட்டு வரும். தோளில் ஒரு பை, கையில் ஒரு சின்ன டிராலி என்பவருக்கு இது அருமையான வழி. 23 கிலோ பெட்டி இரண்டு என்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறையும். தண்டவாளப் பராமரிப்பு என்று சில ஞாயிறுகளில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே பல ரயில்களை நிறுத்திவிடுவார்கள். முந்தைய நாள் பேப்பரிலோ செய்தியிலோ அறிவிப்பு வந்துவிடும். மற்ற நாளில் அதிகாலை 4 மணியளவிலேயே ரயில்கள் ஓட ஆரம்பிக்கின்றன, அதாவது மெட்ரோவுக்கு முன்னாலேயே. காலை ஏழு, ஏழரை விமானக்காரர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய உதவி.

வெளியூரில் இருந்து நேராக ஏர்போர்ட்டுக்கு வருகிறவர்கள்

மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போகத் தேவையில்லை. பெரும்பாலான ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். அங்கேயே இறங்கி, கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவதாகத் திரிசூலம். கால் மணி நேரம். எழும்பூர் வரை போய்த் திரும்பி வருகிறவர்கள் இதே தண்டவாளத்தில் இரண்டு தடவை பயணம் செய்கிறார்கள். தூங்கிப்போய் எழும்பூரில்தான் கண் விழித்தீர்கள் என்றாலும் பரவாயில்லை, அங்கிருந்தே திரிசூலத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது. எழும்பூர் மெட்ரோ பச்சைத் தடத்தில் இருப்பதால் அதில் போனால் மாற வேண்டியிருக்கும்.

கோவை, சேலம், பெங்களூரு, வேலூர் பக்கத்து ரயில்கள் பெரும்பாலும் சென்ட்ரலுக்கு வரும். அங்கே யோசிக்கவே வேண்டாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சுரங்க மெட்ரோ, நீலத் தடம், நேராக ஏர்போர்ட்.

பஸ்ஸில் தென் மாவட்டங்களில் இருந்து வந்தால் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் இறங்குவீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பஸ் நிலையம் இது. ஏர்போர்ட் இங்கிருந்து ஊருக்குள் போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருப்பதால் கோயம்பேடு போகும் 70வி, ஊருக்குள் போகும் 18ஏ மாதிரி மாநகரப் பஸ்கள் வழியிலேயே உங்களை இறக்கிவிடும். கண்டக்டரிடம் ஏறும்போதே "ஏர்போர்ட்" என்று சொல்லிவையுங்கள். விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை நீட்டும் திட்டம் இருக்கிறது, அது வரும்வரை பஸ்தான். விடியற்காலையில் அரை மணி நேரத்தில் போய்விடும் தூரம், ஆபீஸ் நேரத்தில் பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் நிற்கும். நேரம் இறுக்கமாக இருந்தால் பஸ்ஸில் தாம்பரம் வரை வந்து மின்சார ரயிலுக்கு மாறிவிடுங்கள்.

பெங்களூரு, காஞ்சிபுரம் பக்கத்துப் பஸ்ஸில் கோயம்பேட்டில் இறங்குகிறவர்களுக்குப் பஸ் நிலையத்தை ஒட்டியே பச்சைத் தட மெட்ரோ. ஆலந்தூரில் ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

காரில் போவது

அண்ணா சாலை, நூறடிச் சாலை, பூந்தமல்லி சாலை மூன்றும் கத்திப்பாராவில் சேர்ந்து ஜி.எஸ்.டி. சாலையாகின்றன. வண்டி கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும் இடம்தான் சோதனை. சரியான வளைவில் இறங்காவிட்டால் போரூருக்கோ வடபழனிக்கோ போய்க்கொண்டிருப்பீர்கள். மேப்பை நம்பினாலும் "தாம்பரம்", "விமான நிலையம்" என்ற பச்சைப் பலகையை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், மேலடுக்கில் போகிறோமா கீழே போகிறோமா என்பதில் மேப் சில நேரம் குழம்பும்.

கிண்டிப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கு ஏர்போர்ட் சாலையின் வலது பக்கம். உள்ளே போக மேம்பாலம் இருக்கிறது. அதற்கான பிரிவை விட்டுவிட்டால் பல்லாவரம் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும், நெரிசலில் அதுவே இருபது நிமிடம். தாம்பரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு இடது பக்கமே நுழைவு, சுலபம். ஓ.எம்.ஆர்., துரைப்பாக்கம், பள்ளிக்கரணை ஆட்கள் கிண்டிக்கு ஏறி இறங்க வேண்டியதில்லை. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் நேராக வந்து, பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி.யைப் பிடித்து வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரம்தான். செங்குன்றம், மாதவரம், அம்பத்தூர்ப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கு ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் வந்து போரூர் வழியாகக் கத்திப்பாராவுக்கு வருவது ஒரு வழி. மேற்குப் பக்கம் குன்றத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் வருவது இன்னொரு வழி. இரண்டாவது சாலை குறுகல், பகலில் லாரி, பஸ், மாடு எல்லாம் இருக்கும். அதிகாலையில் நன்றாக இருக்கும்.

காலை எட்டரை முதல் பதினொன்று வரை, மாலை ஐந்து முதல் ஒன்பது வரை மேப் காட்டும் நேரத்தோடு அரை மணி சேர்த்துக்கொள்வது என் வழக்கம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிற சாலைகளில் வீடு இருந்தால் இன்னும் கொஞ்சம்.

ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்புவதாக இருந்தால் நேராகப் புறப்பாட்டு வாசலுக்குப் போகலாம். வளாகத்துக்குள் நுழைந்து வெளியேறக் குறிப்பிட்ட சில நிமிடங்கள்தான் இலவசம், அதைத் தாண்டினால் கட்டணம். எனவே பெட்டியை எடைபோட்டுப் பார்ப்பது, பாஸ்போர்ட்டைத் தேடுவது, ஆசீர்வாதம் வாங்குவது எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். குடும்பமே வழியனுப்ப வருகிறது என்றால் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்காமல், மெட்ரோ ஸ்டேஷனுக்கு இருபுறமும் இருக்கும் அடுக்குமாடி பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். 2022 டிசம்பரில் திறந்த கட்டடம், இரண்டாயிரம் கார்களுக்கு மேல் நிற்கும். டிக்கெட் இல்லாதவர்களை டெர்மினலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் கண்ணீரும் முத்தமும் வாசல் கண்ணாடிக்கு வெளியிலேயேதான்.

நான்கைந்து நாள் பயணத்துக்குக் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். விடலாம். ஆனால் மணிக்கணக்கில் ஏறும் கட்டணத்தை, போகவர ஆகும் டாக்சிச் செலவோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நாளுக்கு மேல் என்றால் பெரும்பாலும் டாக்சிதான் லாபம்.

நள்ளிரவு, விடியற்காலை விமானங்கள்

வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், ஐரோப்பா போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவைச் சுற்றியே கிளம்புகின்றன. இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதிகாலை 1.30 விமானத்துக்கு இரவு 10.30-க்கு அங்கே இருந்தால் போதும். அப்போது மெட்ரோ ஓடிக்கொண்டிருக்கும். சென்ட்ரலில் ஒன்பதரைக்கு ஏறினால் சரியாக இருக்கும். இரவு பதினோரு மணி வாக்கில் டெர்மினல் 2 வாசலைப் பார்த்தால், கயிறு கட்டி மார்க்கர் பேனாவில் பெயரும் ஊரும் எழுதிய அட்டைப்பெட்டிகள் தள்ளுவண்டிகளில் மலை போல ஏறியிருக்கும். அந்தச் சரக்கோடு மெட்ரோவில் வர முடியாது, வேன்தான். தனியாகச் சூட்கேஸோடு போகிறவர் ஏன் இரவுக் கட்டணம் கொடுத்து டாக்சியில் போக வேண்டும்?

சிக்கல் அதிகாலை 4 முதல் 6.30 வரை கிளம்பும் விமானங்கள். 5.45 விமானத்துக்கு 3.45-க்குள் அங்கே இருக்க வேண்டும். மெட்ரோ கிடையாது, மின்சார ரயில் அப்போதுதான் கிளம்பும். டாக்சி ஒன்றே வழி. முந்தைய இரவே ஆப்பில் நேரம் குறித்துப் பதிவு செய்தாலும் மூன்று மணிக்கு டிரைவர் வராமல் போவது நடக்கிற கதைதான். தெருமுனை டிராவல்ஸ்காரரிடமோ, தெரிந்த ஆட்டோ அண்ணனிடமோ முன்கூட்டியே சொல்லி, கிளம்பும் முன் ஒரு போன் போட்டு எழுப்பிவிடுவது இதைவிட நம்பகமானது. கூட ஐம்பது நூறு ஆகும், ஆகட்டும். அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும், நகரின் எந்த மூலையில் இருந்தும் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

மழையும் பண்டிகையும்

நவம்பர், டிசம்பரில் பயணம் என்றால் வானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏர்போர்ட்டின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டிப் போட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையத்தையே சில நாள் மூடினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூட வேண்டியதாயிற்று. கனமழை நாளில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெட்ரோவைப் பிடியுங்கள். மின்சார ரயில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் நின்றுவிடும், சாலையில் சுரங்கப்பாதைகளை மூடிவிடுவார்கள், உயரத்தில் ஓடும் மெட்ரோதான் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மாலைகளில் ஊருக்குப் போகும் கூட்டம் முழுக்க ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கி நகரும். நகரில் இருந்து ஏர்போர்ட்டுக்குப் போகும் திசையும் அதுவே. அன்றைக்குக் காரை எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பும் நாளில் இதற்கு நேர்மாறு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இருந்து காரில் வந்து விமானம் பிடிக்கிறவர்கள் பரனூர் சுங்கச்சாவடியிலேயே மாட்டிக்கொள்வார்கள். செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயிலுக்கு மாறிவிட்டால், பக்கத்துச் சாலையில் கார்கள் வரிசையாக நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வரலாம்.

வந்து இறங்கிய பிறகு

திரும்பும் வழியில் விதிகள் கொஞ்சம் வேறு. ஆப் டாக்சிகள் வருகை வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளாது. அடுக்குமாடி பார்க்கிங் பக்கம் போக வேண்டும், பேட்டரி வண்டியும் கிடைக்கும். டாக்சியைப் பதிவு செய்துவிட்டுப் பெட்டிக்காகக் காத்திருந்தால் டிரைவர் பொறுமை இழந்து ரத்து செய்துவிடுவார், பெட்டி கைக்கு வந்த பிறகு பதிவு செய்யுங்கள். வாசலில் "சார் டாக்சி, சார் டாக்சி" என்று பின்னாலேயே வருபவர்களுக்குப் பதில் உள்ளே இருக்கும் ப்ரீபெய்டு கவுன்டரில் ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. ஊருக்குப் புதியவர்களுக்கும் தனியாக வரும் பெண்களுக்கும் அதுதான் நிம்மதி.

இரவு பத்தேகாலுக்குள் வெளியே வந்துவிட்டால் மெட்ரோவை நோக்கி நடங்கள். பச்சைத் தடத்துக்கு மாற வேண்டியவர்கள் கடைசி ரயிலை நம்பாமல் இரண்டு ரயில் முன்னதாகவே ஆலந்தூருக்கு வந்துவிட வேண்டும், அங்கே இணைப்பு ரயில் போய்விட்டால் ஆட்டோதான். தெற்கே போகிறவர்கள் ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டாம். சுரங்கப்பாதை வழியாகத் திரிசூலம் போய்த் தாம்பரம் ரயில் பிடித்து, அங்கிருந்து ஊர் ரயிலோ கிளாம்பாக்கம் பஸ்ஸோ பிடிக்கலாம்.